பக்கம் மூன்று மடங்கானால் பரப்பளவு எத்தனை மடங்கு? எட்டாம் வகுப்புக் கணித வகுப்பறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எட்டாம் வகுப்பு மாணவர் 32 பேருக்கு வடிவொத்த உருவங்கள் பற்றிய பாடத்தை நான் நடத்திய ஏறத்தாழ ஐந்து வாரங்களின் பதிவு இது. பாடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த ஒரு சிறு தேர்வின் முடிவையும் இதில் சேர்த்திருக்கிறேன். ஓர் உருவத்தின் பக்கங்கள் அனைத்தையும் ஒரே எண்ணால் பெருக்கினால் அதன் சுற்றளவும் பரப்பளவும் எவ்வாறு மாறும் என்பதே பாடத்தின் மையம். பக்கங்கள் மூன்று மடங்கானால் சுற்றளவு மூன்று மடங்காகும். பரப்பளவு ஒன்பது மடங்காகும். விதி இவ்வளவுதான். ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஒரே நாளில் மனப்பாடமும் செய்துவிடலாம். அப்படி மனப்பாடம் செய்த விதி ஒரு வாரத்துக்குள் எப்படிக் குலைந்தது, அதன் பிறகு என்ன செய்தோம் என்பதைப் பிற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

இந்த மாணவர்களுக்குச் செவ்வகம், சதுரம், முக்கோணம், வட்டம் ஆகியவற்றின் சுற்றளவு, பரப்பளவுச் சூத்திரங்கள் முந்தைய வகுப்புகளிலேயே அறிமுகமாகியிருந்தன. விகிதம், நேர் மாறல் பற்றிய பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தோம். ஒன்று இரு மடங்கானால் மற்றதும் இரு மடங்காகும் என்ற கணக்குகளைத் தொடர்ந்து பல நாள்கள் செய்து பழகியிருந்தார்கள். இந்த வரிசை பின்னால் எவ்வளவு பாதிப்பை ஏற்படுத்தும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

முன்தேர்வில் கண்டவை

பாடத்தைத் தொடங்கும் முன் நான்கு கேள்விகள் கொண்ட ஒரு முன்தேர்வு வைத்தேன். முதல் கேள்வியில் 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தின் சுற்றளவையும் பரப்பளவையும் கண்டு, பக்கத்தை இரு மடங்காக்கி மீண்டும் இரண்டையும் கண்டு, ஒவ்வொன்றும் எத்தனை மடங்காயிற்று என்று எழுதச் சொன்னேன். கடைசிக் கேள்வியில் எண்களே இல்லை. கோணல்மாணலான ஓர் இலை வடிவத்தை வரைந்து, அதை எல்லாத் திசையிலும் இரு மடங்கு பெரிதாக்கினால் அது அடைக்கும் இடம் எத்தனை மடங்காகும் என்று மட்டும் கேட்டிருந்தேன்.

சதுரக் கணக்கில் 27 பேர் எண்களைச் சரியாகவே கண்டிருந்தார்கள். ஆனால் ‘எத்தனை மடங்கு’ என்ற இடத்தில் பரப்பளவுக்கு 4 என்று எழுதியவர்கள் 8 பேர் மட்டுமே. ஒரு மாணவியின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் வரியில் 16 ச.செ.மீ., இரண்டாம் வரியில் 64 ச.செ.மீ., அதற்கு நேர் கீழே ‘ஆகவே பரப்பளவு 2 மடங்காகும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். மறுநாள் அவரைத் தனியே அழைத்து அந்த மூன்று வரிகளையும் படிக்கச் சொன்னேன். படித்தார். எதுவும் உறுத்தவில்லை. “பக்கம் ரெண்டு மடங்குன்னா எல்லாமே ரெண்டு மடங்குதானே, டீச்சர்?” என்றார். அவர் 16-ஐயும் 64-ஐயும் ஒப்பிட்டு 2 என்று எழுதவில்லை. ஒப்பிட வேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு விடை அவருக்கு முன்னரே தெரிந்திருந்தது. இலைக் கேள்விக்குச் சரியான விடை எழுதியவர்கள் 3 பேர்.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். இதே மாணவர்களில் பலர், அதற்கு முன் அலகு மாற்றப் பாடத்தில், 1 ச.மீ. என்பது 100 ச.செ.மீ. என்று எழுதியவர்கள். அப்போது அதைக் கவனக்குறைவு என்று எண்ணி, 10,000 என்று திருத்திவிட்டுக் கடந்திருந்தேன். இரண்டும் ஒரே பிழை என்பது முன்தேர்வுத் தாள்களை அடுக்கி வைத்துப் பார்த்தபோதுதான் புலப்பட்டது. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் என்பது ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தை நூறு மடங்கு பெரிதாக்கியது. பக்கம் நூறு மடங்கு என்றால் இடமும் நூறு மடங்கு என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

முதல் முடிவு: விதியைச் சொல்லிப் பயிற்சி கொடுத்தது

கால நெருக்கடி காரணமாக, வழக்கமான வழியையே முதலில் தேர்ந்தேன். கரும்பலகையில் சதுரத்தின் பக்கங்களை 1, 2, 3, 4 என்று எழுதி, அவற்றுக்கு நேரே சுற்றளவையும் பரப்பளவையும் எழுதி, பக்கம் எத்தனை மடங்கோ சுற்றளவு அத்தனை மடங்கு, பரப்பளவு அந்த எண்ணின் வர்க்க மடங்கு என்ற விதியை நானே சொன்னேன். பிறகு பத்துக் கணக்குகள் செய்தோம். அன்று வகுப்பு நல்ல முறையில் நடந்ததாகவே தோன்றியது. கேட்ட கேள்விக்கெல்லாம் விடை வந்தது.

ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், பக்கம் இரு மடங்கானால் பரப்பளவு எத்தனை மடங்கு என்ற கேள்விக்கு 29 பேர் 4 என்று சரியாக எழுதினார்கள். அதற்கு அடுத்த கேள்வி, பக்கம் மூன்று மடங்கானால் எத்தனை என்பது. 14 பேர் 9 என்றும், 11 பேர் 6 என்றும், 7 பேர் 3 என்றும் எழுதியிருந்தார்கள்.

அந்த 6-தான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. 3 என்று எழுதியவர்கள் பழைய எண்ணத்திலேயே இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 6 எங்கிருந்து வந்தது? எழுதியவர்களில் சிலரை அழைத்துக் கேட்டேன். “ரெண்டுக்கு நாலு, அப்போ மூணுக்கு ஆறு” என்றார் ஒருவர். ‘வர்க்கம்’ என்று நான் சொன்னதை அவர்கள் ‘இரட்டிப்பு’ என்று கேட்டிருக்கிறார்கள். 2-இன் வர்க்கமும் 4, 2-இன் இரட்டிப்பும் 4. ஆகவே 2 மடங்கு என்ற எடுத்துக்காட்டை வைத்து இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்ட வழியே இல்லை. பத்துப் பயிற்சிக் கணக்குகளில் எத்தனை இரு மடங்குக் கணக்குகள் என்று எண்ணிப் பார்த்தேன்: ஏழு. பரப்பளவு அந்த எண்ணின் இரட்டிப்பு மடங்காகும் என்ற தவறான விதியோடு அந்த ஏழையும் ஒருவர் சரியாகச் செய்து முடிக்க முடியும்.

எண்களின் தேர்வில் இருந்த குறை

முன்தேர்வில் நான் எடுத்துக்கொண்ட 4 செ.மீ. சதுரமும் இதே போன்ற ஒரு தவறான தேர்வு. அதன் சுற்றளவு 16 செ.மீ.; பரப்பளவு 16 ச.செ.மீ. அலகை விட்டுவிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே எண். சுற்றளவையும் பரப்பளவையும் ஏற்கெனவே குழப்பிக்கொள்ளும் ஒரு மாணவருக்கு, அவை இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணுவதற்கு அந்த எண்ணே சான்றாகிவிடுகிறது. பாடநூலில் இல்லாத கணக்கு அது. எளிதாக இருக்கட்டும் என்று நானே தேர்ந்தெடுத்தது. எளிய எண் என்பதும் நல்ல எண் என்பதும் ஒன்றல்ல என்பதை இத்தனை ஆண்டு கற்பித்த பிறகு இந்தத் தாள்களிலிருந்து கற்றேன்.

மாணவர்கள் எல்லா உறவுகளையும் நேர் மாறலாகவே பார்க்கும் இந்தப் போக்கு ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பகுதி முதல் இதையே விரிவாக ஆராய்ந்து, ‘நேர்கோட்டு மாயை’ என்ற பொருள்படும் பெயரால் குறித்திருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்களிடம் இந்த மாயை மிக வலுவாக இருந்ததையும், படம் வரையச் சொல்வது மட்டும் அதைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். என் அடுத்த முடிவில் இந்தச் செய்திக்குப் பங்குண்டு. பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரங்களைக் கோடு போட்டுக் காட்டுவதோடு நின்றிருந்தால் போதாது என்று எண்ணினேன். முதலில் அவர்கள் ஒரு விடையை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும்; பிறகு அந்த விடையைத் தங்கள் கையாலேயே சோதிக்க வேண்டும்.

இரண்டாம் முடிவு: மூடிப் பார்ப்பது

அடுத்த மூன்று பாடவேளைகளில் சூத்திரம் எதையும் பலகையில் எழுதவில்லை. நால்வர் கொண்ட எட்டுக் குழுக்களுக்குத் தடித்த காகிதத்தில் வெட்டிய வடிவங்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிறிய வடிவத்தின் பல பிரதிகளும், அதே வடிவத்தை இரு மடங்கும் மூன்று மடங்கும் பெரிதாக்கிய வெளிக்கோடு வரைந்த தாள்களும் இருந்தன. பெரிய வடிவத்தை முழுதும் மூட எத்தனை பிரதிகள் வேண்டும் என்று ஒவ்வொருவரும் முதலில் தனித்தனியே ஏட்டில் எழுதிவிட வேண்டும். எழுதி முடிக்கும் வரை பிரதிகள் இருக்கும் உறையைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டை நான் தளர்த்தவில்லை. முன்கூட்டிச் சொன்ன விடை இல்லாவிட்டால், மூடிப் பார்ப்பது வெறும் காகித வேலையாக முடிந்துவிடும்.

செவ்வகக் குழுக்கள் விரைவாக முடித்தன. முக்கோணக் குழு சற்றுத் தடுமாறியது. மூன்று பக்கமும் வெவ்வேறு நீளமுள்ள சாதாரண முக்கோணம் அது. பிரதிகளை எல்லாம் நிமிர்ந்த நிலையிலேயே அடுக்கி, நடுவில் பள்ளம் விழுகிறது என்றார்கள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பலாம் என்று அவர்களில் ஒருவர் கண்டதும் வேலை வேகமாக நடந்தது. மூன்று மடங்கு முக்கோணத்தில் மேல் வரிசையில் ஒன்று, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து என்று மொத்தம் ஒன்பது. நான்கு மடங்காக்கினால் அடுத்த வரிசையில் ஏழு வரும், மொத்தம் 16 ஆகும் என்று வெட்டிப் பார்க்காமலேயே சொன்னார்கள்.

எனக்கு அதிகம் கற்பித்தது எல் வடிவக் குழு. 3 செ.மீ. பக்கமுள்ள மூன்று சதுரங்களை மூலையாகச் சேர்த்தது போன்ற வடிவம் அது. சுற்றளவு 24 செ.மீ., பரப்பளவு 27 ச.செ.மீ. அதன் இரு மடங்கு வடிவத்தை நான்கு பிரதிகளால் மூடலாம், ஆனால் இரண்டைத் திருப்பி வைக்க வேண்டும். நான்காவது துண்டு நடுவில் இடைவெளியின்றிப் பொருந்தியபோது அந்த மேசையில் எழுந்த ஆரவாரம் மற்ற குழுக்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சற்று நேரத்தில் அதே குழுவிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “நாலு துண்டு வச்சாத்தான் மூடுது, அப்போ சுற்றளவும் நாலு மடங்குதானே வரணும், ஏன் ரெண்டு மடங்கு?”

இந்தக் கேள்வியை நான் திட்டமிடவில்லை. பாடத்தில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை என்று இப்போது எண்ணுகிறேன். விடை சொல்லாமல் நூலைக் கொடுத்தேன். ஒரு துண்டைச் சுற்றி 24 செ.மீ. நூல் வேண்டும், நான்கு துண்டுகளைத் தனித்தனியே சுற்றினால் 96 செ.மீ. நான்கையும் ஒட்டி வைத்து வெளியே மட்டும் சுற்றினால் 48 செ.மீ. மீதி 48 செ.மீ. எங்கே போயிற்று? குழுவினர் துண்டுகளுக்கு இடையே விரலால் தடவிப் பார்த்தார்கள். உள்ளே ஒட்டியிருக்கும் விளிம்புகளின் நீளம் 24 செ.மீ.; ஒவ்வொரு விளிம்பும் இரண்டு துண்டுகளுக்குச் சொந்தமானது என்பதால் 48 செ.மீ. அங்கே மறைந்திருந்தது. துண்டுகள் சேரும்போது இடம் எதுவும் குறைவதில்லை, விளிம்புகளோ ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன என்பதை வேறு சொற்களில் அவர்களே எழுதினார்கள். சுற்றளவையும் பரப்பளவையும் இரண்டு வேறு பொருள்களாகப் பல மாணவர்கள் முதன்முதலில் பார்த்தது அந்தப் பத்து நிமிடங்களில்தான் என்பது என் கணிப்பு.

மூன்றாம் பாடவேளையில் இலை வடிவத்துக்குத் திரும்பினோம். இதைப் பிரதிகளால் மூட முடியாது. ஆகவே 1 செ.மீ. கட்டத்தாளில் இலையை வரைந்து, முழுக் கட்டங்களையும், பாதிக்கு மேல் நிறைந்த கட்டங்களையும் எண்ணச் சொன்னேன். ஏறத்தாழ 23 கட்டங்கள். பிறகு 2 செ.மீ. கட்டங்கள் வரைந்த தாளில், கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அதே இலையைப் பெரிதாக வரையச் சொன்னேன். அதையும் எண்ணினார்கள். பின்வரிசையில் எப்போதும் பேசாமல் அமர்ந்திருக்கும் ஒரு மாணவர் சொன்னார்: “கட்டத்தோட எண்ணிக்கை மாறல, டீச்சர். கட்டம்தான் பெருசாச்சு.”

எல்லா வடிவங்களுக்கும் பொருந்தும் நிரூபணம் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கியிருக்கிறது. உருவத்தைப் பெரிதாக்கும்போது அதன் அடியிலுள்ள கட்டத்தாளும் சேர்ந்து பெரிதாகிறது என்று கொண்டால், உருவத்துக்குள் இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஒவ்வொரு கட்டமும் நீளத்தில் ஒரு முறை, அகலத்தில் ஒரு முறை என இரு முறை பெருக்கப்படுகிறது. ஆகவே 23 ச.செ.மீ. இலை, 23 கட்டம் பெருக்கல் 4 என்று 92 ச.செ.மீ. ஆகிறது. இலையின் விளிம்பைச் சிறுசிறு கோட்டுத் துண்டுகளாக எண்ணினால் ஒவ்வொரு துண்டும் ஒரே முறைதான் பெருக்கப்படுகிறது; அதனால் சுற்றளவு இரு மடங்கோடு நிற்கிறது. செவ்வகம், வட்டம், பெயரற்ற உருவம் எதற்கும் தனித்தனி நிரூபணம் தேவையில்லை. பக்கம் ஒன்றரை மடங்கானால் முழுப் பிரதிகளால் மூட முடியாது, ஆனால் ஒவ்வொரு கட்டமும் 2.25 ச.செ.மீ. ஆகும் என்பது கட்டத்தாளில் உடனே தெரிகிறது.

ஒரே செவ்வகம், மூன்று மாற்றங்கள்

அடுத்த வாரம், விதி எங்கே பொருந்தாது என்பதைக் காட்ட ஒரு பாடவேளையை ஒதுக்கினேன். நீளம் 6 செ.மீ., அகலம் 4 செ.மீ. கொண்ட செவ்வகத்தை எடுத்துக்கொண்டோம். சுற்றளவு 20, பரப்பளவு 24. இரு பக்கங்களையும் இரட்டித்தால் 12, 8 ஆகி, சுற்றளவு 40, பரப்பளவு 96, இது எதிர்பார்த்ததே. நீளத்தை மட்டும் இரட்டித்தால் 12, 4 ஆகி, சுற்றளவு 32, பரப்பளவு 48. பரப்பளவு சரியாக இரு மடங்கு, சுற்றளவோ 1.6 மடங்கு. ஒவ்வொரு பக்கத்திலும் 2 செ.மீ. கூட்டினால் 8, 6 ஆகி, சுற்றளவு 28, பரப்பளவு மறுபடியும் 48.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 48 வருவது தற்செயல். அதை நான் முன்னரே கவனித்திருந்தாலும் மாற்றாமல் விட்டேன். எதிர்பார்த்தபடியே ஒரு மாணவி, இரண்டைக் கூட்டினாலும் பரப்பளவு இரட்டிக்கும் என்று முடிவு சொன்னார். வேறு செவ்வகத்தில் சோதிக்கலாமா என்று கேட்டேன். 5, 3 என்ற பக்கங்களை அவரே எடுத்தார்: 15 ச.செ.மீ. பிறகு 7, 5: 35 ச.செ.மீ. தன் வாக்கியத்தைத் தானே அடித்துவிட்டு, ‘கூட்டினால் வடிவம் மாறுகிறது, ஆகவே மடங்கு சொல்ல முடியாது’ என்று எழுதினார். 6-க்கு 4 என்ற விகிதம் 8-க்கு 6 ஆனபோது மாறிவிட்டதை இவ்வளவு தெளிவாக அவர் எழுதுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எதிர்பாராத பின்விளைவு

இவ்வளவுக்குப் பிறகு வைத்த தேர்வில் பரப்பளவுக் கேள்விகள் பெருமளவு திருந்தியிருந்தன. ஆனால் ‘ஒரு வட்டத்தின் ஆரத்தை மூன்று மடங்காக்கினால் அதன் சுற்றளவு எத்தனை மடங்காகும்’ என்ற கேள்விக்கு 10 பேர் 9 என்று எழுதியிருந்தார்கள். அவர்களில் சிலர் முன்தேர்வில் சுற்றளவைச் சரியாக எழுதியவர்கள். மூன்று வாரமாகப் பரப்பளவையே வலியுறுத்தியதால், பெரிதாக்குவது என்றாலே வர்க்கம் என்று மனத்தில் பதிந்திருந்தது. ஒரு பிழையைத் திருத்தப் போய், சரியாக இருந்த ஒன்றை நான் கெடுத்திருந்தேன்.

இங்கே எடுத்த முடிவு சிறியது, பலன் பெரிது. எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் ‘இதை எதால் அளப்போம், நூலாலா கட்டத்தாலா?’ என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கணக்குகளைக் கலந்து கொடுத்தேன். ‘சுற்றளவு’, ‘பரப்பளவு’ என்ற சொற்கள் அவற்றில் வராமல் பார்த்துக்கொண்டேன். ஒரு புல்வெளியைச் சுற்றி நடக்க 4 நிமிடம் ஆகிறது, எல்லாப் பக்கமும் மூன்று மடங்கான புல்வெளியைச் சுற்ற எவ்வளவு நேரம்? அதே சிறிய புல்வெளியின் புல்லை வெட்ட 4 மணி நேரம் ஆனால் பெரியதற்கு எவ்வளவு? முதலாவதற்கு நூல், 12 நிமிடம். இரண்டாவதற்குக் கட்டம், 36 மணி நேரம். படச்சட்டத்துக்கு மரம், படத்துக்குக் கண்ணாடி, துணிக்கு ஓரத் தையல், துணிக்குச் சாயம் என்று இருபதுக்கு மேற்பட்ட கேள்விகள் செய்தோம். சில கேள்விகளில் ‘நூலா, கட்டமா’ என்று குழுவுக்குள்ளேயே விவாதம் நடந்தது. அந்த விவாதத்துக்கு நேரம் விட்டேன்.

திருப்பிக் கேட்டபோது

ஐந்தாம் வாரத்தில், ஒரு சதுரத்தின் பரப்பளவு சரியாக இரு மடங்காக வேண்டும் என்றால் பக்கத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்று கேட்டேன். முதலில் வந்த விடை 2; அதை அவர்களே மறுத்தார்கள், 4 மடங்காகிவிடும் என்று. அடுத்து 1.5, அது 2.25. சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன் பிளேட்டோ எழுதிய ‘மேனோ’ உரையாடலில், இரண்டடிச் சதுரத்தின் பரப்பளவை இரட்டிக்கச் சொல்லி சாக்ரடீஸ் கேட்கும்போது, கணிதம் பயிலாத ஓர் அடிமைச் சிறுவன் முதலில் நான்கடி என்றும், பிறகு மூன்றடி என்றும் சொல்கிறான். இரண்டை மூன்றாக்குவது ஒன்றரை மடங்குதான். என் மாணவர்களும் அதே இரண்டு விடைகளை அதே வரிசையில் சொன்னார்கள்.

1.4 என்றால் 1.96, 1.42 என்றால் 2.0164, 1.41 என்றால் 1.9881 என்று நெருங்கிக்கொண்டே போனார்கள். பிறகு ஒரு சதுரக் காகிதத்தின் நான்கு மூலைகளையும் மையத்தில் சேருமாறு மடிக்கச் சொன்னேன். மடித்த சதுரம் இரண்டு அடுக்காக இருப்பதால் அதன் பரப்பளவு சரி பாதி. அளவுகோலால் பக்கத்தை அளந்து பழைய பக்கத்தை அதனால் வகுத்தால் 1.41-க்கு அருகில் வந்தது. 210, 297 மி.மீ. கொண்ட ஏ4 தாள்கள் இரண்டை அருகருகே வைத்தால் 297, 420 மி.மீ. கொண்ட ஏ3 தாள் ஆவதையும், நகல் இயந்திரத்தில் ஏ4-ஐ ஏ3-ஆக்கும் பொத்தானில் 200 சதவீதம் என்றில்லாமல் 141 சதவீதம் என்று இருப்பதையும் இத்தோடு சேர்த்துக் காட்டினேன். வர்க்கமூலப் பாடம் இன்னும் வரவில்லை என்பதால் அதற்கு மேல் போகவில்லை.

விளைவு

இரண்டு மாதம் கழித்து வைத்த தேர்வில், மூன்று மடங்குக் கேள்விக்கு 26 பேர் 9 என்று எழுதினார்கள். 2 பேர் 6 என்றும் 4 பேர் 3 என்றும் எழுதினார்கள். ஒழுங்கற்ற வடிவக் கேள்வியில் சரியாக எழுதியவர்கள் 3-இலிருந்து 21 ஆகியிருந்தார்கள். வட்டத்தின் சுற்றளவை 9 மடங்கு என்று எழுதியவர்கள் மூவர் மட்டுமே. பல தாள்களின் ஓரத்தில் ‘நூல்’ என்றோ ‘கட்டம்’ என்றோ சிறிதாக எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதச் சொல்லி இந்த முறை நான் கேட்கவில்லை. ‘ஆகவே 2 மடங்காகும்’ என்று எழுதிய மாணவி, விடைக்கு அருகில் ஒரு சிறு கட்டத்தையும், அதை மூன்று மடங்காக்கிய பெரிய கட்டத்தையும் வரைந்து உள்ளே ஒன்பதையும் எண்ணியிருந்தார்.

இந்த முன்னேற்றம் முழுவதும் மூடிப் பார்த்ததால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எட்டுப் பாடவேளைகளுக்கு மேல் ஒரே பொருளில் செலவிட்டிருக்கிறோம். அந்த நேரத்துக்கும் பங்குண்டு.

அடுத்த முறை மாற்றப் போவது

முதல் எடுத்துக்காட்டில் 4 செ.மீ. சதுரம் வராது, முதல் மடங்கு 2 ஆகவும் இருக்காது. 5, 3 என்ற பக்கங்களுள்ள செவ்வகத்தை மூன்று மடங்காக்கித் தொடங்குவேன். சுற்றளவு 16, 48. பரப்பளவு 15, 135. எந்தத் தவறான விதியும் இதில் தற்செயலாகச் சரியாகிவிட வழியில்லை. இலை வடிவத்தை மூன்றாம் பாடவேளை வரை தள்ளிப் போடாமல் முதல் நாளே கட்டத்தாளில் வரையச் செய்வேன். நூலும் கட்டமும் ஒரே நாளில், ஒரே வடிவத்தின் மேல் வர வேண்டும். பரப்பளவை மூன்று வாரம் தனியே நடத்தியதுதான் வட்டச் சுற்றளவில் ஏற்பட்ட குழப்பத்துக்குக் காரணம். நேர் மாறல் பாடத்தை முடிக்கும்போதே, நேர் மாறலாக இல்லாத ஒரு சூழலையாவது அதோடு சேர்த்துக் கொடுப்பேன். அலகு மாற்றப் பாடத்தில் 1 ச.மீ. வரும் நாளில், ஒரு மீட்டர் சதுரத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அதன் ஒரு விளிம்பில் எத்தனை சென்டிமீட்டர்க் கட்டங்கள், அப்படி எத்தனை வரிசைகள் என்று எண்ணச் சொல்வேன்.

விதியை நான் சொல்வதில்லை என்ற முடிவில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. சில மாணவர்கள் மூடிப் பார்த்ததிலிருந்து விதிக்கு வர நீண்ட நேரம் எடுத்தார்கள். அவர்களிடம் சற்று முன்னரே சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றியது. ஆனால் 6 என்று எழுதிய அந்த 11 தாள்களை மறுபடி எடுத்துப் பார்க்கும்போது, சொன்ன சொல் எப்படிக் கேட்கப்பட்டது என்பதை நான் அறியவே இல்லை என்பது நினைவுக்கு வருகிறது.

இன்னும் 3 என்றே எழுதும் நால்வருடன் இப்போது வாரம் ஒருமுறை தனியே அமர்கிறேன். அவர்களிடம் பெரிதாக்கும் கணக்கை விட்டுவிட்டு, பாதியாகக் குறைக்கும் கணக்கைத் தொடங்கியிருக்கிறோம். பக்கம் பாதியானால் இடமும் பாதி என்று நால்வரும் எழுதினார்கள். பிறகு ஒரு கட்டத்தை நீளத்தில் ஒரு முறை, அகலத்தில் ஒரு முறை மடித்து, கையில் மிஞ்சியது கால் பாகம் என்று இருவர் கண்டார்கள். மற்ற இருவரும் அடுத்த வாரம் அதையே கத்தரிக்கோலால் வெட்டிப் பார்க்க இருக்கிறார்கள்.